கனவு காணச் சொல்லாதீங்க, பட்டியலக் கொடுங்க

போன விடுமுறையில் காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் போயிருந்தோம். நாங்கள் நாலு பேர். நாலு பேரும் கினிகத்தேனையைச் சுற்றியுள்ள தோட்டங்கள், நாலு பேரும் கலைப்பீடம். கூடவே எங்களில் ஒருவனுடைய சித்தி மகனும் வந்திருந்தான். தரம் எட்டில் படிக்கிறான். கரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன ரொட்டியையும் சம்பலையும் பிரித்துக்கொண்டிருந்த நேரம், மலைக்கு மேலால் ஒரு சின்ன விமானம் வந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகத் தண்ணீரில் இறங்கியது. காசல்ரீயில் இப்படி விமானம் இறங்குவது புதுசு இல்லை. உல்லாசப் பயணிகள் கொழும்புப் பக்கத்திலிருந்து இப்படித்தான் வந்து தேயிலை மலை பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் பஸ்ஸில் வாந்தி எடுத்து எடுத்து ஏறுகிற மலையை அவர்கள் அரை மணித்தியாலத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

தம்பி ரொட்டியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "அண்ணே, இத நாம ஓட்ட ஏலுமா? நாமளே ஓட்டிக்கிட்டு வேற நாட்டுக்குப் போக ஏலுமா?"

நாங்கள் சிரித்தோம். எங்களில் ஒருத்தி, "மொதல்ல கணக்குல நாப்பது எடு" என்றாள். அவன் சிரிக்கவில்லை. "அப்ப கணக்குல எடுத்தா ஏலுமா?" என்று திருப்பிக் கேட்டான்.

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டோம். சமூக அசைவியக்கம், விளிம்புநிலை, அது இது என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளை "இதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வரும்போது ஹட்டன் பஸ்ஸில் அதுதான் எங்களை உறுத்தியது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலில் இருந்து வந்தது.

எங்கள் பாடசாலைக் காலத்தில் ஊக்கப் பேச்சாளர்கள் வருவார்கள். மண்டபத்தில் எங்களைத் தரையில் உட்கார வைத்து, "கனவு காணுங்கள் பிள்ளைகளே, வானமே எல்லை" என்பார்கள். தவறாமல் அப்துல் கலாம் வருவார். ராமேஸ்வரத்தில் பத்திரிகை போட்ட பையன் ஜனாதிபதி ஆன கதை வரும். நாங்களும் கைதட்டினோம். பிறகு வளர்ந்து கலாம் வாழ்க்கையைப் படித்துப் பார்த்தால், பேச்சாளர்கள் பாதியை விழுங்கிவிட்டார்கள் என்று விளங்குகிறது. கலாம் திருச்சியில் பௌதிகவியல் படித்தார். பிறகு மதராஸில் எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். அங்கே சேரக் காசு இல்லாதபோது அவருடைய அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அதன் பிறகும், விமானப்படை விமானித் தேர்வில் எட்டு இடத்துக்கு அவர் ஒன்பதாவதாக வந்ததால் விமானி ஆக முடியாமல் போனது. அதாவது கனவுக்குக் கீழே ஒரு பாடம் இருந்தது, ஒரு நிறுவனம் இருந்தது, ஒரு அக்காவின் வளையல் இருந்தது. இத்தனையும் இருந்துமே ஓர் இடத்தால் தவறியது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கனவை மட்டும் சொன்னார்கள்.

அதனால் நாங்கள் ஒரு வேலை செய்தோம். தம்பியின் கேள்வியை விளையாட்டாக எடுக்காமல், உண்மையாகவே ஒரு சின்ன விமானத்தை நாமே ஓட்டிக்கொண்டு வெளிநாடு போவதென்றால் என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டோம். பாதையும் முடிவு செய்தோம். யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து திருச்சி. எங்களில் இருவருடைய பூட்டன்மார் திருச்சிப் பக்கத்திலிருந்துதான் வந்தவர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அவர்கள் வந்த பாதையை மேலால் போய்ப் பார்ப்போம் என்று ஒரு ஆசை. வான்வழியில் ஏறக்குறைய 185 கிலோமீற்றர். செஸ்னா 172 மாதிரி நாலு இருக்கை, ஒற்றை என்ஜின் விமானத்தில் ஒரு மணித்தியாலம்கூடப் போகாது. கினிகத்தேனையிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ் அதைவிட எத்தனையோ மடங்கு நேரம் எடுக்கும்.

முதலாவது, அனுமதிப்பத்திரம். சொந்தத் தேவைக்குப் பறக்கிற தனியார் விமானி அனுமதிக்கு சர்வதேச விதிப்படி குறைந்தது 17 வயது ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். விமானச் சட்டம், வானிலையியல், வழிகாணல், பறத்தலின் தத்துவம் என்று எழுத்துப் பரீட்சைகள் உண்டு. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். இங்கே ஒரு நல்ல செய்தி: கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்று ஊரில் சொல்வது தவறு. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். எங்களில் மூன்று பேர் கண்ணாடிக்காரர்கள். ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டோம்.

இரண்டாவது, ஆங்கிலம். எல்லை தாண்டிப் பறக்கிற விமானி வானொலியில் ஆங்கிலம் பேசுவதில் ஆறு படிகளில் குறைந்தது நான்காம் படியை எட்டியிருக்க வேண்டும். 2008 மார்ச்சிலிருந்து இது உலக விதி. இலக்கண ஆங்கிலத்தை விட, எதிர்பாராத ஒன்று நடக்கும்போது அதைத் தெளிவாகச் சொல்லவும் விளங்கிக்கொள்ளவும் முடிகிறதா என்றுதான் அதில் முக்கியமாகப் பார்க்கிறார்கள். பத்து வருடம் ஆங்கிலம் படித்தும், பல்கலைக்கழகம் வந்த முதல் மாதம் வகுப்பில் வாயைத் திறக்காத நாங்கள் இதை வாசித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாவது, விமானம். சொந்தமாக வாங்குவது பற்றிப் பேச வேண்டாம், வாடகைக்கு எடுப்போம். ஒரு விமானம் எந்த நாட்டில் பதியப்பட்டிருக்கிறதோ அந்த நாடு கொடுத்த அனுமதிப்பத்திரம், அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட அனுமதிப்பத்திரம், ஓட்டுகிறவரிடம் இருக்க வேண்டும். இலங்கையில் பதிந்த விமானத்தை இலங்கை அனுமதியோடு இந்தியாவுக்கு ஓட்டலாம். ஆனால் அமெரிக்காவுக்குப் போய் அங்கே வாடகைக்கு எடுத்து ஓட்ட வேண்டுமென்றால், முதலில் அவர்களுடைய அதிகாரசபையிடம் எங்கள் அனுமதியைக் காட்டி அங்கத்தைய சான்றிதழ் வாங்க வேண்டும். வெளிநாட்டில் பறக்கத் திட்டமிடுகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னரே தொடங்குவது இதனால்தான்.

நான்காவது, அனுமதிகள். வெளிநாட்டு விமானம் இந்திய வானுக்குள் நுழைய அங்கே சிவில் விமானப் பணிப்பகத்தின் அனுமதி வேண்டும், வான்பாதுகாப்பு அனுமதி இலக்கம் வேண்டும். பறப்புத் திட்டத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். சுங்கமும் குடிவரவும் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்கலாம், திருச்சி அதில் ஒன்று. விசா வேண்டும். இன்னொன்று, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று செய்மதித் தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். நல்ல எண்ணத்தோடு கொண்டுபோனவர்கள்கூடப் பிடிபட்டிருக்கிறார்கள்.

ஐந்தாவது, எடை. இதில்தான் நாங்கள் நன்றாகச் சிரித்தோம். செஸ்னா 172இன் புதிய ரகம் ஒன்று, எல்லாம் ஏற்றி அதிகபட்சம் 1,157 கிலோவோடுதான் கிளம்பலாம். வெறும் விமானம் ஏறக்குறைய 770 கிலோ. இரண்டு தாங்கியும் நிறைய எரிபொருள் என்றால் சுமார் 200 லீற்றர், அது 144 கிலோ. மிச்சம் 243 கிலோ. நாங்கள் நாலு பேரும் சேர்ந்து 245. பை இல்லை, தண்ணீர்ப் போத்தல் இல்லை, வெறும் ஆட்கள் மட்டும்! நாலு சீட் இருக்கிறது என்பதால் நாலு பேர் போகலாம் என்று அர்த்தமில்லை. ஒன்று எரிபொருளைக் குறைக்க வேண்டும், இல்லை ஒரு ஆளைக் குறைக்க வேண்டும். எரிபொருளைக் குறைத்தால் திரும்பி வர அங்கே நிரப்ப வேண்டும். இந்த என்ஜின் விமானப் பெற்றோலில் ஓடுவது, பெரிய விமானங்களின் ஜெட் எரிபொருள் இதற்கு ஆகாது. அந்தப் பெற்றோல் எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. அதனால் கிளம்புவதற்கு முன்பே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

எடைக் கணக்கு எங்களுக்குப் புதுசு இல்லை. எங்கள் அம்மாமார் கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்துக்கொண்டே வாழ்க்கையைக் கழித்தவர்கள். சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கிலோ வெட்டும்போது, வெட்டியது சரியா பிழையா என்று மனதுக்குள்ளேயே கணக்குப் போடுகிறவர்கள். அவர்களிடம் இந்த 243ஐயும் 245ஐயும் காட்டினால் ஒரு நொடியில் விளங்கும். எங்கள் வீட்டில் கணக்கு இல்லாமல் இல்லை. அந்தக் கணக்கு பாடசாலைக்குள் நுழையும் இடத்தில்தான் வழி அடைபட்டிருக்கிறது.

ஆறாவது, கடல். ஒற்றை என்ஜின் நின்றுவிட்டால் விமானம் கல்லு மாதிரி விழுந்துவிடாது, மிதந்து இறங்கும். இந்த ரக விமானம் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 2.8 கிலோமீற்றர் போகும். பலாலியிலிருந்து திருச்சிக்கு நேர்கோடு போட்டால் பாக்கு நீரிணையில் 80 கிலோமீற்றருக்கு மேல் கடல். கோடியக்கரைப் பக்கமாகச் சுற்றினால் கடல் தூரம் ஏறக்குறைய 55 கிலோமீற்றராகக் குறையும். அப்போதும் 10,000 அடியில் பறந்தால்தான், காற்று எதிர்க்காவிட்டால், நடுக்கடலிலிருந்து ஏதாவது ஒரு கரையை மட்டுமட்டாகத் தொடலாம். ஆகவே உயிர்காப்பு அங்கியை மடித்துப் பையில் வைக்காமல், போட்டுக்கொண்டேதான் பறக்க வேண்டும். விமானம் தண்ணீருக்குள் போகிற நேரத்தில் பையைத் தேட முடியாது.

ஏழாவது, வானிலை. கண்ணால் பார்த்துப் பறக்கிறவருக்கு 10,000 அடிக்குக் கீழே பொதுவாகக் குறைந்தது 5 கிலோமீற்றர் தூரம் தெரிய வேண்டும். முகிலிலிருந்து பக்கவாட்டில் 1,500 மீற்றரும் மேல் கீழாக 1,000 அடியும் தள்ளி இருக்க வேண்டும். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் எதிர்மலையே தெரியாது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையைப் பற்றி இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. "இன்னைக்கு மலைக்குப் போக ஏலாது" என்று வானத்தைப் பார்த்துச் சொல்கிற தாத்தாமார் எங்களுக்கு உண்டு. விமானிக்கும் அதே பாடம்தான்: போகாமல் இருக்கத் தெரிய வேண்டும். வெளிநாடு போய் லீவு முடிகிறது, காசு கட்டியாச்சு, நாளைக்கு விமானத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற அவசரம் வந்தால், முகிலுக்குள் போய்விடலாம் என்று தோன்றும். அந்த இடத்தில் நிற்பதற்கான மனதையும் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். ஒரு நாள் உபரியாக வைத்துத் திட்டம் போடுவது அதற்காகத்தான்.

எட்டாவது, நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்திருப்பது. இதற்கு எங்கள் மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1974 டிசம்பர் 4 இரவு, மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டி.சி.8 விமானம் ஒன்று இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு கொழும்புக்கு வந்துகொண்டிருந்தது. மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 பயணிகளும் 9 பணியாளர்களும், 191 பேரும் இறந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள், விடிய மலை ஏறிப் போய்ப் பார்த்தவர்கள் எங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். சின்ன வயதில் பேய்க் கதை மாதிரி கேட்டோம். இப்போது விளங்குகிறது, தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, கொழும்புக்கு இன்னும் கிட்டே வந்துவிட்டதாக நினைத்து உயரத்தைக் குறைத்ததால் வந்த விபத்து அது. அத்தனை பெரிய விமானம், அனுபவமுள்ள பணியாளர்கள், இருந்தும் ஒரு தவறான நம்பிக்கை போதுமாக இருந்தது. பறக்கிற பகுதியின் உயர்ந்த மலை எது, அதற்கு மேல் எத்தனை அடி விட வேண்டும் என்று தரையில் இருக்கும்போதே குறித்து வைக்கச் சொல்வது இதனால்தான். இங்கே பிதுருதலாகல 2,524 மீற்றர், சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். இந்த எண்கள் நாங்கள் புவியியலில் மனப்பாடம் செய்தவை. இவை ஒரு விமானியின் உயிரைக் காக்கும் எண்கள் என்று ஒரு வகுப்பில்கூட எங்களுக்குச் சொல்லப்படவில்லை.

பட்டியல் போட்டு முடித்த பிறகு ஒன்று கவனித்தோம். இதில் "துணிச்சல்" என்று ஒரு வரிகூட இல்லை. சாகசம் என்று நாம் சொல்கிற விஷயத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆயத்தம். மிச்சம் ஒரு பங்குதான் பறப்பது.

பழைய கதைகளும் அப்படித்தான் சொல்கின்றன. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். 1930இல் 18 வயதுகூட ஆகாத ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து எதிர்த் திசையில் கிளம்பினார். எகிப்தின் அபூகிரில் ஆஸ்பி மேற்கொண்டு போக முடியாமல் நின்றார். காரணம் ஒரு ஸ்பார்க் பிளக். போட்டியாளரான டாட்டா தன்னிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி வென்றார். பிற்காலத்தில் இந்திய விமானப்படைத் தளபதியும் ஆனார். டாட்டாவின் பெருந்தன்மையைத்தான் இந்தக் கதையில் எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கு அதைவிட அந்த உபரி பிளக் முக்கியமாகத் தெரிகிறது. ஒருவர் கொண்டுவந்திருந்தார், மற்றவரிடம் இல்லை. யாரோ ஒருவர் கொடுக்காவிட்டால் துணிச்சல் பாலைவனத்தில் உட்கார்ந்திருக்கும்.

தமிழ்ப் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது, எங்களில் யாருக்கும் இதற்கு முன் தெரியாது. 1950இல் மதராஸ் அரசாங்கம் பிரித்தானியாவிலிருந்து டி ஹவிலண்ட் டோவ் என்ற சின்ன விமானம் ஒன்றை வாங்கியது. அதைக் கொண்டுவர சுந்தரம், உஷா சுந்தரம் என்ற விமானித் தம்பதி கப்பலில் இங்கிலாந்து போனார்கள். பிறகு இருவரும் சேர்ந்து லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணித்தியாலத்தில் ஓட்டி வந்தார்கள். பிஸ்டன் என்ஜின் விமானத்துக்கு அது சாதனை. உஷா பெங்களூர் ஜக்கூரில் உள்ள அரசாங்கப் பறப்புப் பயிற்சிப் பாடசாலையில் படித்துத் தேறிய முதல் பெண். அரசாங்கம் நடத்திய ஒரு பாடசாலை இருந்தது, அதனால் ஒரு உஷா இருந்தார். நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்.

நம்ம வயதுக்கு வருவோம். 2019 மே மாதம், 23 வயது ஆரோஹி பண்டிட் என்ற மும்பைப் பெண் இலகு விளையாட்டு ரக விமானத்தில் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டினார். ஸ்கொட்லாந்தில் தொடங்கி, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடா. அப்படித் தாண்டிய முதல் பெண் அவர். தனியாகத்தான் பறந்தார். ஆனால் அந்தப் பயணத்துக்குப் பின்னால் அனுமதி வாங்க, காசு தேட, வானிலை பார்த்துச் சொல்ல ஒரு கூட்டமே வேலை செய்தது. "தனியாகச் சாதித்தார்" என்று தலைப்புப் போடும்போது அந்தக் கூட்டம் மறைந்துவிடுகிறது. மறைந்ததும், எங்களை மாதிரி ஆட்கள் எங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது பட்டியலில் நாங்கள் எழுத மறந்த ஒன்று. அல்லது எழுதத் தேவையில்லை என்று எல்லா வழிகாட்டி நூல்களும் நினைக்கிற ஒன்று: நீங்கள் யார் என்று காட்டும் கடதாசி.

1944 டிசம்பர் 7 அன்று சிக்காகோவில் கையெழுத்தான சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கைதான் இன்றும் எல்லை தாண்டும் விமானங்களுக்கு அடிப்படை. அதில் ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் தேசியம் உண்டு. எந்த நாட்டில் பதியப்படுகிறதோ அந்த நாட்டின் தேசியம் அதற்கு. ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிய முடியாது. பதிவுச் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. இலங்கையில் பதிந்த விமானத்தின் உடம்பில் 4ஆர் என்று எழுதியிருக்கும். உலகத்தில் எங்கே போனாலும் இது இன்ன நாட்டுடையது என்று தெரியும்.

யந்திரத்துக்கே தேசியம் உண்டு என்று உலகம் ஒத்துக்கொண்டு நாலு வருடம் ஆவதற்குள், இங்கே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. எங்கள் தாத்தா பாட்டிமார் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று பங்கு போட்டார்கள். எங்களில் ஒருத்தியின் தாத்தாவுடைய அண்ணன் குடும்பம் கூடலூர்ப் பக்கம் போனது. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். மிஞ்சியவர்களின் கணக்கு முடிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை ஆனது. அந்த வருடத்தையொட்டித்தான் நாங்களே பிறந்தோம்.

எங்கள் பூட்டன்மார் திருச்சியிலிருந்து இங்கே வர ஒரு பாதை இருந்தது, காடும் கடலும். தாத்தாவின் அண்ணனைத் திருப்பி அனுப்ப ஒரு பாதை இருந்தது, ரயிலும் கப்பலும். இரண்டிலும் வேறு யாரோதான் திட்டம் போட்டார்கள், எங்கள் ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். நாமே திட்டம் போட்டு, நாமே ஓட்டி, நமக்கு வேண்டிய நாளில் போய், வேண்டிய நாளில் திரும்பி வருவது என்பது எங்கள் குடும்பங்களில் இதுவரை யாரும் செய்யாத ஒன்று. தம்பி கேட்டது அதைத்தான். அவனுக்கு அது தெரியாது.

இதைப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். எங்கள் வீட்டிலேயே வந்தது. "லயத்துக் கூரை ஒழுகுது. 2021இல் ஆயிரம் ரூபாச் சம்பளத்துக்கு எத்தனை போராட்டம். 2024இல் 1,350க்கு எத்தனை இழுபறி. இதுல ஒங்களுக்கு ப்ளேன் கேக்குதா?" நியாயமான கேள்வி. ஒரு மணித்தியாலப் பறப்புப் பயிற்சிக்கு ஒரு தொழிலாளியின் முழு மாதச் சம்பளமும் போதாது. அப்படி 40 மணித்தியாலம். அத்தோடு அந்த விமானப் பெற்றோலில் பெரும்பாலும் இன்றும் ஈயம் கலந்திருக்கிறது, சுற்றாடலுக்கும் நல்லதில்லை. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நாங்கள் சண்டைக்குப் போக மாட்டோம். எங்களில் யாரும் நாளைக்கே விமானி ஆகப்போவதும் இல்லை.

ஆனால் பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். கணிதம், பௌதிகம், புவியியல், பேச வரும் ஆங்கிலம், ஒரு மருத்துவப் பரிசோதனை, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, கடிதம் நேராக வந்து சேர ஒரு முகவரி. இதில் எது விமானத்துக்கு மட்டும் தேவையானது? வீட்டுக் கடனுக்கும் இதுதான் தேவை, தாதியர் பயிற்சிக்கும் இதுதான் தேவை, வெளிநாட்டு வேலைக்கு ஏமாறாமல் போகவும் இதுதான் தேவை. எங்களில் ஒருவனுக்குப் பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கே ஒரு வாரம் மேசையில் கிடந்து, கடைசி நாளுக்கு முதல் நாள்தான் கைக்குக் கிடைத்தது. லயத்துக்குத் தனி முகவரி இல்லை. அந்தக் கடிதம் இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் இந்தக் கட்டுரையை மூன்று பேர்தான் எழுதியிருப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் நாலு பேரும் ஏன் கலைப்பீடம்? விருப்பத்தால் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தரத்தில் கணிதப் பிரிவும் விஞ்ஞானப் பிரிவும் இருப்பவை மிகக் குறைவு. படிக்க வேண்டுமென்றால் ஹட்டனுக்கோ அதற்கு அப்பாலோ போக வேண்டும், தங்க இடம் வேண்டும், காசு வேண்டும். இல்லாதவர்கள் இருக்கிற பாடத்தை எடுத்தோம். எடுத்த பாடத்தை இப்போது நேசிக்கிறோம், அது வேறு. ஆனால் கதவு இருந்தும் நுழையாமல் விடுவதும் கதவே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. "ஒங்களுக்கு எதுக்கு ப்ளேன்?" என்ற கேள்வியை காசல்ரீயில் வந்து இறங்குகிற உல்லாசப் பயணியிடம் யாரும் கேட்பதில்லை. அவருக்கு அது சாகசம், எங்களுக்கு மட்டும் அது ஊதாரித்தனம்.

அதனால் பாடசாலைகளுக்கு வந்து பேசுகிறவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. கனவு காணச் சொல்லாதீங்க. அது எங்களுக்குத் தாராளமாக வருகிறது, இலவசமாக வருகிறது. பட்டியலைக் கொடுங்க. இன்ன வேலைக்கு இன்ன பாடம், இன்ன வயது, இன்ன பரீட்சை, இன்ன இடத்தில் விண்ணப்பம், இவ்வளவு காசு, காசு இல்லாவிட்டால் கேட்கக்கூடிய இடம் இது என்று எழுதிக் கொடுங்க. விமானி மட்டுமில்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர், வானிலை அவதானிப்பாளர் என்று அந்த உலகத்துக்குள்ளேயே எத்தனை வேலைகள். ஒன்றின் பெயரும் எங்களுக்குப் பதினெட்டு வயது வரை தெரியாது. ஏலாது என்றால் ஏன் ஏலாது என்றும் சொல்லுங்க. எந்த வரியில் நாங்கள் அடைபட்டு நிற்கிறோம் என்று தெரிந்தால், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கல்விப் பணிமனையிடமும் பிரதேச செயலகத்திடமும் கேட்கலாம். வெறும் கனவை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

எங்களிடமும் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகம் வந்த நாங்கள் ஊருக்குப் போகும்போது, கேட்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. காசல்ரீக் கரையில் நாங்கள் செய்தது அதைத்தான்.

தம்பிக்கு அந்தப் பட்டியலைச் சீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதிக் கொடுத்தோம். எட்டு வரியும், ஒவ்வொரு வரிக்குப் பக்கத்தில் இப்போதே செய்யக்கூடிய ஒரு விஷயமும். விமான நிலையங்களின் வானிலை அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கட்டுநாயக்கவின் அறிக்கையை அம்மாவின் போனில் எடுத்து வாசிக்கக் காட்டினோம். காற்று எத்தனை பாகையிலிருந்து, எத்தனை நொட் வேகத்தில், முகில் எத்தனை அடியில் என்று அதில் வரும். இரண்டு நாளில் பிடித்துக்கொண்டான். அதோடு அவனுக்கு ஒரு சந்தேகமும் வந்தது. பக்கக் காற்று தள்ளும்போது விமானத்தின் மூக்கை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அது முக்கோணக் கணக்கு. அவனுடைய பாடசாலையில் இந்தத் தவணை முழுக்கக் கணித ஆசிரியர் இல்லை. எங்கள் நாலு பேரில் ஒருத்திக்குத்தான் கணக்கு ஓரளவு வரும். அவள் விடுமுறை முடியும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தாள். முதல் கிழமை அவன் மட்டும் வந்தான், மூன்றாம் கிழமை ஏழு பேர் வந்தார்கள். இப்போது நாங்கள் வளாகத்துக்குத் திரும்பிவிட்டோம். அந்த ஏழு பேருக்கும் இந்த ஞாயிறு வகுப்பு இல்லை.